சைகஸ் வாடுகிறதா? முதலில் தண்டை அழுத்திப் பாருங்கள்

"வெயில் தாங்கும், பனி தாங்கும், தண்ணி அதிகம் கேட்காது" என்று சொல்லித்தான் நர்சரியில் விற்றிருப்பார்கள். மூன்றும் உண்மைதான். நம் வாசல்களில் அழகுக்கு நிற்கிற சைகஸ் ரெவல்யூட்டாவுக்குச் சொந்த ஊர் தெற்கு ஜப்பான். கியூஷூவின் தென்கரையிலும், அங்கிருந்து ஒகினாவா வரை நீளும் ரியூக்யூ தீவுகளிலும் கடலோரப் பாறைச் சரிவுகளில் முளைக்கும். உப்புக்காற்றும் புயலும் பாறையிடுக்கில் தங்கின கொஞ்சம் மண்ணும் போதும் அதற்கு. அப்படிப்பட்ட செடி கோயம்புத்தூரில் ஒரு வீட்டு வாசலில் சாகிறது என்றால், பெரும்பாலும் அந்த வீட்டில் யாரோ அதை ரொம்பப் பாசமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் கொன்ற முதல் சைகஸ் அப்படித்தான் போனது. முழுக்க தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தொட்டி, அடியில் தட்டு, தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர். ஓலை மஞ்சளானதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு சொம்பு ஆக்கினேன். ஒரு மாதத்தில் உச்சி ஓலைக்கொத்து முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

எந்த அறிகுறியாக இருந்தாலும், மருந்து வாங்க ஓடுவதற்கு முன் இரண்டு சோதனை செய்யுங்கள்.

ஒன்று, தண்டை நான்கு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துங்கள். உச்சி, நடு, தூர் எல்லா இடத்திலும். கல் மாதிரி இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. ஒரு ஓலைகூட இல்லாவிட்டாலும் சரி. எங்காவது பழுத்த பப்பாளி மாதிரி அமுங்கினால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராக 'தண்டு மெத்தென்று இருக்கிறது' பகுதிக்குப் போங்கள்.

இரண்டு, கோளாறு அடியிலுள்ள பழைய ஓலையிலா, மேலே உள்ள புது ஓலையிலா என்று பாருங்கள். சைகஸ் மற்ற செடிகளைப்போல வாரத்துக்கு ஒரு இலை விடாது. வருஷத்துக்கு ஒரு தடவை, நம் சமவெளிச் சூட்டில் சிலசமயம் இரண்டு தடவை, ஒரு வட்டமாக மொத்தக் குருத்தையும் ஒரேயடியாகத் தள்ளும். நாலைந்து வாரத்தில் அது முற்றி விறைத்துவிடும். அந்த நாலு வாரத்தில் நடந்தது எதுவோ, அது அந்த ஓலை உதிரும்வரை அப்படியே இருக்கும். ஆகவே நீங்கள் இன்று பார்ப்பது இன்றைய நோயாக இருக்கவேண்டும் என்பதில்லை. போன மழைக்காலத்துத் தழும்பாகவும் இருக்கலாம்.

புதுக்குருத்து கடித்துக் குதறியதுபோல் இருக்கிறது

நம் ஊரில் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். நடுநரம்பு குச்சி குச்சியாக நிற்கும், இரண்டு பக்கமும் சிற்றிலைகள் பாதிபாதி இருக்கும், மிச்சம் இருப்பது காய்ந்து சுருண்டிருக்கும். பார்க்கிறவர்கள் வெயில் என்பார்கள், சத்துக்குறைவு என்பார்கள். சந்தேகமே வேண்டாம், இது புழு.

தோட்டத்தில் தாழப் பறக்கிற, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நீலநிறப் பட்டாம்பூச்சி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ப்ளெயின்ஸ் க்யூபிட் என்பார்கள். அதன் புழுவுக்குச் சாப்பாடே சைகஸ் குருத்துதான். சைகஸ் குருத்து விடும்போது உற்றுப் பார்த்திருந்தால் தெரியும், நடுநரம்பு நேராக ஏறும். பக்கத்துச் சிற்றிலைகள் ஒவ்வொன்றும் கொசுவத்திச் சுருள்போல் சுருண்டு, மேலே மெல்லிய ரோமத்தோடு இருக்கும். அந்தச் சுருளிலும் அதன் இடுக்கிலும்தான் தாய் முட்டை வைக்கும். குண்டூசித் தலையைவிடச் சின்ன, வெளுத்த தட்டையான புள்ளி. புழு பச்சையாகவும் இருக்கும், கருஞ்சிவப்பாகவும் இருக்கும். குருத்தின் நிறத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குச் சிக்காது.

புழுவைத் தேடாதீர்கள், எறும்பைத் தேடுங்கள். புழுவின் முதுகில் இனிப்பு நீர் சுரக்கும். அதற்காக எறும்புகள் காவல் நிற்கும். குருத்தில் எறும்பு ஊர்ந்தால் இடுக்கில் புழு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மருந்தைவிட வலை நல்லது. உச்சியில் குருத்து முண்டத் தொடங்கியதும் பழைய கொசுவலையை இரண்டு மூன்று மூங்கில் குச்சி நட்டுத் தளர்வாகப் போர்த்தி, தூரில் கயிறு கட்டிவிடுங்கள். ஓலை விறைக்கும்வரை இருக்கட்டும். முற்றிய ஓலையைப் புழுவால் கடிக்க முடியாது. வலை கட்ட மறந்துவிட்டதா? பி.டி. என்று உரக்கடையில் கிடைக்கும் பாக்டீரியா மருந்தை, பாக்கெட்டில் போட்ட அளவில் கரைத்து, மாலையில் சுருள்களுக்குள் இறங்குமாறு தெளியுங்கள். அஞ்சாறு நாள் விட்டு இன்னொரு தடவை. வேப்பெண்ணெய் கரைசலும் கேட்கும். ஆனால் இளங்குருத்தில் வெயில் நேரத்தில் எண்ணெய் பட்டால் அதுவே பொசுக்கிவிடும்.

ஏற்கெனவே கடிபட்ட ஓலை இனி வளராது. அசிங்கமாக இருக்கிறதே என்று மொத்தமும் வெட்டாதீர்கள். பாதி ஓலையும் செடிக்குச் சோறு பொங்கும். அடுத்த குருத்து வந்து முற்றிய பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

ஓலை முழுக்க வெள்ளைப் பொடி

முதலில் விரலால் தேயுங்கள். போர் தண்ணீர் தெளித்துக் காய்ந்த உப்புக்கறை என்றால் ஈரத்துணியில் போய்விடும். போகாமல், தேங்காய்த்துருவல் ஒட்டினாற்போல் சொரசொரவென்று இருந்தால் செதில் பூச்சி. ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கேதான் கூட்டம் அதிகம். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள வெள்ளைச் செதில்கள் பெண், அதற்கும் சின்னதாக நீளவாக்கில் இருப்பவை ஆண்.

இதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாய்லாந்துப் பக்கத்திலிருந்து கிளம்பின இந்த ஆசியச் செதில் பூச்சி 1996இல் ஃபுளோரிடாவில் தென்பட்டது. 2003இல் குவாம் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை அந்தத் தீவுக் காட்டில் எங்கு பார்த்தாலும் நின்ற சைகஸ் மைக்ரோனேசிகா என்ற மரம் சில ஆண்டுகளிலேயே கூட்டங்கூட்டமாகச் செத்தது. அழகுக்காக வெளியிலிருந்து வாங்கி நட்ட செடிகளோடுதான் பூச்சி வந்தது. நர்சரியில் புதுச்செடி வாங்கினால் ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு மற்ற செடிகளிடம் சேர்ப்பது அதனால்தான்.

வைத்தியத்துக்குப் பொறுமை வேண்டும். மோசமான ஓலைகளை வெட்டிச் சாக்கில் கட்டி எரியுங்கள், குப்பைமேட்டில் போடாதீர்கள். மிச்ச ஓலையையும் தண்டின் செதில் இடுக்குகளையும் பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப், வாரம் ஒரு தடவை, குறைந்தது ஐந்து வாரம். அடிப்பக்கம் நனையவேண்டும். பலரும் மேலே மட்டும் தெளித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்பார்கள்.

பூச்சி செத்தபிறகும் வெள்ளை ஓடு ஓலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை நடந்ததா என்று தெரிய, ஒரு ஓட்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ஆரஞ்சு நிற ஈரம் தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. உலர்ந்து பொடியாக உதிர்ந்தால் முடிந்தது. இன்னொன்று, இந்தப் பூச்சி வேரிலும் ஒட்டும். ஓலையில் சுத்தமாகி மூன்று மாதத்தில் திரும்ப வந்தால் மண்ணுக்குள்ளிருந்து ஏறியிருக்கிறது. தொட்டிச் செடி என்றால் கழற்றி வேரைக் கழுவிப் புதுமண்ணில் வைத்துவிடுவது மேல்.

புது ஓலை மஞ்சளாகவே பிறக்கிறது, நுனி சுருண்டு கருகுகிறது

பழைய ஓலை பச்சையாக இருக்க, புதிதாக வந்த வட்டம் மட்டும் வெளிறி, முறுக்கிக்கொண்டு, தீயில் காட்டினாற்போல் வந்தால் மாங்கனீசுக் குறை. கோவை, திருப்பூர்ப் பக்கம் சுண்ணாம்பு கலந்த சுக்கான் மண்ணில் இது சர்வசாதாரணம். மண்ணில் மாங்கனீசு இருக்கும். சுண்ணாம்பு அதைச் செடிக்கு எட்டவிடாது. புதுவீட்டுச் சுவரோரம், சிமெண்ட் கலவை கொட்டிய இடத்தில் வைத்த செடிக்கும் இதே கதி. போர் தண்ணீர் அதை இன்னும் கூட்டும். சிறுவாணித் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்ல ஆசைதான், வீட்டில் குடிக்கவே கணக்குப் பார்க்கிறார்கள். மழைநீர் பிடித்து ஊற்ற முடிந்தால் நல்லது.

உரக்கடையில் மாங்கனீசு சல்பேட் கேளுங்கள். கேட்டதைக் கொடுத்தார்களா என்று பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் பாதி நேரம் மக்னீசியம் சல்பேட்டை நீட்டுவார்கள். மக்னீசியம் வெள்ளை வெளேரென்று சர்க்கரைப் படிகம்போல் இருக்கும். மாங்கனீசு லேசான ரோஜா நிறப் பொடி. லிட்டருக்கு 3 கிராம் கரைத்து இளம் ஓலையில் தெளிக்கலாம். தரையில் வேரூன்றிய முழங்கால் உயரச் செடிக்கு 50 கிராம் தூரைச் சுற்றித் தூவித் தண்ணீர் விடலாம். கருகிய ஓலை பச்சையாகாது. பலன் அடுத்த குருத்தில்தான் தெரியும், அதாவது அடுத்த வருஷம். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லை என்று திரும்பத் திரும்பக் கொட்டினால் வேர்தான் வேகும்.

ஜப்பானில் இதன் பெயர் சொதெத்சு. இரும்பால் உயிர்த்தெழுவது என்று பொருள் சொல்வார்கள். வாடிய செடியின் தண்டில் ஆணி அடித்தால் தேறும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. நம் ஊரிலும் துருப்பிடித்த ஆணியைத் தூரில் புதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரும்புக்குறைதான் என்று உறுதியானால் ஆணிக்குப் பதில் உரக்கடையில் அன்னபேதி வாங்குங்கள். தண்டில் ஓட்டை போட்டால் அழுகலுக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி.

அடி ஓலை மட்டும் மஞ்சள்

மூன்று நான்கு வருஷத்து அடிவட்டம் மஞ்சளாகிக் காய்வது வயசு. வெட்டிவிடுங்கள். வயதாகாமலே மஞ்சளானால், ஓலையின் ஓரம் மஞ்சளாகி நடுநரம்பை ஒட்டிப் பச்சை மிஞ்சியிருந்தால் மக்னீசியம் குறைவு. மேலே சொன்ன மக்னீசியம் சல்பேட், அதாவது எப்சம் உப்பு, இதற்குத்தான். முழு ஓலையும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து. மக்கிய தொழுஉரம் தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம்.

தண்டு மெத்தென்று இருக்கிறது

இது ஒன்றுதான் நிஜமான அவசரம். மற்றதெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும்.

செடியைத் தொட்டியோடு சாய்த்துக் கழற்றுங்கள். நல்ல வேர் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரின் தோல் இழுத்தால் உறைபோல் கழன்று உள்நார் மட்டும் நிற்கும். புளித்த மாவு வாடை அடிக்கும். வேரைப் பார்த்து இன்னொரு விஷயத்தில் பயந்துவிடாதீர்கள்: மண்மட்டத்தில் இஞ்சிக் கிழங்கின் குட்டிபோல், கிளைகிளையாகப் பழுப்பு முடிச்சுகள் தெரியலாம். அது நோய் இல்லை. பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் படம் வரைந்திருப்பீர்கள், பவள வேர். குறுக்கே வெட்டினால் பச்சை வளையம் தெரியும். அந்த நீலப்பச்சைப்பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. இதை நோயென்று நினைத்து அறுத்து எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, அழுகலுக்கு வருவோம். கூரான கத்தியைச் சுட்டு, மெத்தென்ற பகுதியைச் சீவிக்கொண்டே போங்கள். பழுப்பு முடிந்து, வெள்ளையாக, வெள்ளரிக்காய் சதைபோல் மொறுமொறுப்பான இடம் வரும்வரை நிறுத்தாதீர்கள். ஒரு பழுப்புப் புள்ளி விட்டாலும் திரும்பக் கிளம்பும். வெட்டின இடத்தில் பசைபோல் பிசின் வடிவது இயல்பு. துடைத்துவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு பொடியைக் குழைத்துப் பூசி, மிச்ச ஓலைகளையும் வெட்டி, நிழலில் காற்றோட்டமாகக் கவிழ்த்து வையுங்கள். பத்துப் பதினைந்து நாளில் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். அதன்பிறகு கரடான ஆற்றுமணலில் மூன்றில் ஒரு பங்கு புதையும்படி நட்டு, மணல் முழுக்கக் காய்ந்தால் மட்டும் தண்ணீர். வேர் வர மாதக்கணக்கில் ஆகும். நான் இப்படி மீட்ட ஒரு தேங்காய் அளவுத் தண்டு பதினான்கு மாதம் மொட்டையாகவே மாடியில் கிடந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அது என்ன காய் என்று கேட்டார்கள். பதினைந்தாவது மாதம் மூன்று ஓலை விட்டது.

அழுகல் உச்சியில் தொடங்கினால் பிழைப்பது அபூர்வம். தூரில் பக்கக் கன்று இருந்தால் அதையாவது பிரித்து எடுத்துவிடுங்கள்.

அழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே, நீர் தேங்கியது. மண்கலவையில் பாதிக்குப் பாதி கரடான மணலோ சிறு ஜல்லியோ இருக்கட்டும். தட்டு வேண்டாம். தரையில் நடுவதானால் தண்டு மண்மட்டத்துக்கு மேலே தெரியும்படி மேடாக நடுங்கள். வட்டப் பாத்தி வெட்டித் தண்ணீர் கட்டுவது தென்னைக்கு, இதற்கு இல்லை. விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டு ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

பனியில் பொசுங்கிவிட்டது

ஊட்டியில் காந்தல் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு ஜனவரி காலையில் போன் செய்தார்.

"தம்பி, எல்லாம் பொசுங்கிப் போச்சு. தோட்டக்காரர் பிடுங்கிடலாம்ங்கிறார்."

"தண்டை அழுத்திப் பாத்தீங்களா டீச்சர்?"

"கல்லு மாதிரிதான் இருக்கு."

"அப்ப விட்ருங்க. ஏப்ரல் வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க."

படம் அனுப்பச் சொன்னேன். பழைய ஓலைகள் பச்சையாகத்தான் இருந்தன. நவம்பர் கடைசியில் தப்புக்கணக்காக விட்ட இளங்குருத்து மட்டும் வெந்த கீரைபோல் தொங்கியது. முற்றிய ஓலை மைனஸ் 5 டிகிரி அளவுக்குத் தாங்கும், தண்டு அதற்குக் கீழேயும் கொஞ்சம் தாங்கும். ஊட்டியின் உறைபனி அவ்வளவு தூரம் போவதில்லை. குருத்துக்குத்தான் அந்தச் சக்தி கிடையாது. மே மாதம் அந்தச் செடி முழு வட்டமாகக் குருத்து விட்டது.

மலையில் செடி வைத்திருப்பவர்கள் ஆகஸ்டுக்கு மேல் உரம் போடாமல் இருந்தால் இந்தத் தாமதக் குருத்து பெரும்பாலும் வராது. பனி இறங்கும் இரவுகளில் உச்சியில் ஒரு சாக்கைப் போட்டுக் காலையில் எடுத்துவிடலாம். கியோட்டோவின் நிஜோ கோட்டைத் தோட்டத்தில் வருஷாவருஷம் குளிர்காலத்துக்கு முன் சைகஸ்களுக்கு வைக்கோல் பாய் சுற்றிக் கட்டுவார்கள். பொசுங்கிய ஓலையை உடனே வெட்டாதீர்கள், அது உச்சிக்குப் போர்வையாக இருக்கும். என் அனுபவத்தில் மலையில் சைகஸ் சாவது ஜனவரிப் பனியில் இல்லை. ஜூன், ஜூலையில் விடாமல் பெய்யும் சாரலில், குளிர்ந்த ஈரமண்ணில்தான்.

ஓலை ஒல்லியாக நீண்டு சரிகிறது

வெளிச்சம் போதவில்லை. வரவேற்பறைச் செடியாக வைத்தால் இப்படித்தான். வெளியே கொண்டுபோங்கள், ஆனால் ஒரேயடியாகச் சித்திரை வெயிலில் வைத்தால் ஓலை வெள்ளையாக வெந்துவிடும். இரண்டு மூன்று வாரம் காலை வெயில் மட்டும் படட்டும்.

உச்சியில் என்னவோ வருகிறது, ஓலை மாதிரி இல்லை

பூ என்றுதான் சொல்வோம், சரியான சொல் கூம்பு. ஆண்செடியில் அன்னாசியை நீட்டினாற்போல் முழ உயரத்துக்கு வரும், காட்டமாக வாடை அடிக்கும். பெண்செடியில் முழுமையான கூம்பாக இல்லாமல், பழுப்புக் கம்பளிபோல் உருண்டையாக வரும், அதற்குள் ஆரஞ்சு விதைகள். நாட்டுமருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்பது இதன் சொந்தக்காரச் செடியான, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சைகஸ் சர்சினாலிஸின் கூம்புதான். பூத்தால் செடி செத்துவிடும் என்று பயப்படுவார்கள். அது தாளிப்பனைக்குத்தான். சைகஸ் பூத்த வருஷம் குருத்து விடாமல் ஓய்வெடுக்கும், அவ்வளவே.

விதையில் கவனம். செடி முழுக்க விஷம், விதையில் அதிகம். நாய் கடித்தால் வாந்தியில் தொடங்கிக் கல்லீரல் வரை போகும். தெரிந்த நிமிஷமே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆங்கிலத்தில் இதற்குள்ள சாகோ பாம் என்ற பெயரைப் பார்த்து ஜவ்வரிசி என்று நினைத்துவிடவேண்டாம். சேலத்து ஜவ்வரிசி மரவள்ளியில் செய்வது. 1920களில் ஒகினாவாவில் பஞ்சம் வந்தபோது மக்கள் இதன் தண்டையும் விதையையும் பலமுறை ஊறவைத்து விஷம் இறக்கித் தின்றார்கள். சரியாக இறங்காமல் செத்தவர்களும் உண்டு. அந்தக் காலத்தை அங்கே இன்றைக்கும் சொதெத்சு நரகம் என்கிறார்கள்.

ஒரு வருஷமாக ஒன்றுமே நடக்கவில்லை

தண்டு கல்லாக இருக்கிறதா? சும்மா விடுங்கள். பெயர்த்து நட்ட செடி, வேர் வெட்டுப்பட்டு வந்த செடி, பூத்த செடி எல்லாம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் அப்படியே இருக்கும். இந்தச் சமயத்தில் தொட்டி மாற்றுவது, உரம் கொட்டுவது எதுவும் வேண்டாம். மாதம் ஒரு தடவை மேலேயிருந்து உச்சியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நடுவிலுள்ள பழுப்பு ரோமம் உப்பி, பஞ்சு பிரிவதுபோல் விலகி, உள்ளே வெளிர்பச்சை முனைகள் தெரிந்தால், அன்றைக்கே அந்தப் பழைய கொசுவலையைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள்.